வாடிக்கையாளர் மேல் நிஜமான அக்கறை: அதைக் காட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பாதி ஓட்டத்தில் நின்றுபோனது. உள்ளே தண்ணீரோடு துணி. கதவு திறக்கவில்லை. கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை அழைத்தேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்ற பதிவுக் குரலை இருபது நிமிடம் கேட்டேன். அப்புறம் எடுத்தவரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவர் வேறொரு பிரிவுக்கு மாற்றினார். அங்கே மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுநாள் யாரும் வராததால் திரும்ப அழைத்தபோது அதே கதை மூன்றாவது முறை. பேசிய எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறை போனை வைத்தபோதும் பிரச்சினை என் தலையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தார். அதிகம் பேசாதவர். தண்ணீரை வெளியேற்றி, பம்பைக் கழற்றிக் கையில் எடுத்து, "இதுல ஒரு சட்டைப் பட்டன் மாட்டியிருக்கு. அதான் சுத்தல" என்று காட்டினார். தரையில் சிந்திய தண்ணீரைத் தானே துடைத்தார். கிளம்பும்போது, "ரெண்டு மூணு தடவை ஓட்டிப் பாருங்க. சனிக்கிழமை நானே கூப்பிடறேன்" என்றார். சனிக்கிழமை கூப்பிட்டார்.

அந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அந்தப் பழுது என் கையிலிருந்து அவர் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்ததில் கிடைத்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. அக்கறை என்று நான் சொல்வது இதைத்தான்: வாடிக்கையாளருக்கு நேர்ந்த தொல்லையை நம் தொல்லையாக எடுத்துக்கொள்வது. இதை ஒரு நல்ல மனிதரின் குணத்தை நம்பி விட்டுவிடாமல், நிறுவனத்தின் அன்றாட வேலையாக மாற்றுவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். ஒரே ஆள் நடத்தும் தொழிலானாலும் ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியானாலும் படிகள் இவைதான்.

முதல் படி: உங்கள் நிறுவனத்துக்கு நீங்களே வாடிக்கையாளராகப் போங்கள்

ஒரு நாள் மதியத்தை இதற்கென ஒதுக்குங்கள். ஆபீஸில் யாரிடமும் சொல்ல வேண்டாம். சொந்த போனிலிருந்து, சொந்தப் பணத்தில், உங்கள் பொருளையோ சேவையையோ வாங்குங்கள். அப்புறம் அதில் ஏதோ கோளாறு என்று உங்கள் கஸ்டமர் கேர் எண்ணை அழையுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். சந்தா இருந்தால் ரத்து செய்ய முயலுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், போன் எண்ணை எத்தனை முறை சொன்னீர்கள், எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, எந்த இடத்தில் "சரி, விட்டுத் தொலைப்போம்" என்று தோன்றியது, எல்லாவற்றையும் குறியுங்கள்.

அடுத்து, இதே வேலையை எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கொடுத்துவிட்டு, உதவாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும் சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது. ஓடிபி வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, எண்ணைப் படிப்பதற்குள் நேரம் முடிந்திருக்கும். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்ற குரல் அவர் யோசிப்பதற்குள் ஐந்துக்குப் போயிருக்கும். பார்வை குறைந்தவர்கள், காது சரியாகக் கேட்காதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். எழுத்தைப் பெரிதாக்குவதும், ஓடிபிக்குக் கூடுதல் நேரம் தருவதும், முதல் மெனுவிலேயே மனிதரிடம் பேசும் வழியை வைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் இல்லை. யாராவது உட்கார்ந்து பார்த்திருந்தால் எப்போதோ செய்திருக்கக்கூடியவை.

அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். மற்ற படிகளுக்கெல்லாம் அதுதான் ஆதாரம்.

இரண்டாம் படி: சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்

சேவையின் தரத்தை வாடிக்கையாளர்கள் எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்பதை 1980களில் பரசுராமன், ஜைதம்ல், பெர்ரி என்ற மூன்று பேராசிரியர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். கடைசியில் ஐந்து அம்சங்கள் தேறின: சொன்னதைச் சொன்னபடி செய்வது, கேட்டதும் உதவ முன்வருவது, நம்பிக்கை தரும் அறிவும் பண்பும், ஒவ்வொருவரையும் தனி மனிதராகக் கவனிப்பது, கண்ணில் படும் கட்டடம், கருவி, தோற்றம். வாடிக்கையாளர்கள் அதிக முக்கியத்துவம் கொடுத்தது முதலாவதற்கு. கண்ணில் படும் தோற்றத்துக்குத்தான் குறைவு. நிறுவனங்கள் பணத்தைக் கொட்டுவது பெரும்பாலும் அந்தத் தோற்றத்தில்தான் என்பது என் வருத்தம்.

இதற்கு மூன்று பழக்கங்கள் போதும். தேதியை விற்பனைப் பிரிவு முடிவு செய்யக்கூடாது. வேலையைச் செய்யப்போகிறவரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அவர் மூன்று நாள் என்றால் வாடிக்கையாளரிடம் நான்கு நாள் என்று சொல்லுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: வியாழக்கிழமை முடியாது என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டால், செவ்வாய்க்கிழமையே போன் போட்டுச் சொல்லுங்கள். அந்த வியாழக்கிழமைக்காக ஒருவர் லீவு போட்டிருக்கலாம், ஊருக்குப் போவதைத் தள்ளி வைத்திருக்கலாம். கெட்ட செய்தியை முன்கூட்டியே சொன்னால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். வியாழக்கிழமை மாலை வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு, அப்புறம் என்ன காரணம் சொன்னாலும் காதில் ஏறாது.

மூன்றாம் படி: காத்திருப்பைத் தாங்கும்படி செய்யுங்கள்

எல்லா இடத்திலும் காத்திருப்பை ஒழித்துவிட முடியாது. ஆனால் அதன் கனத்தைக் குறைக்கலாம். வரிசையில் நிற்பவரின் மனநிலையைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985-ல் எழுதியவை இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பு, காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, நமக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போகும் காத்திருப்பு, மனதில் கவலையோடு இருக்கும் காத்திருப்பு எல்லாமே கடிகாரம் காட்டுவதைவிட நீளமாகத் தெரியும் என்றார் அவர்.

ஆகவே நேரத்தைச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள். போனில் என்றால், வரிசையில் அவருடைய இடத்தைக் காப்பாற்றி வைத்துவிட்டு நீங்களே திரும்ப அழையுங்கள். நேரில் என்றால், வந்தவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "பார்த்துட்டேன், பத்து நிமிஷத்துல வர்றேன்" என்று சொல்லட்டும். இவ்வளவுதான் இந்தப் படி.

நான்காம் படி: ஒரே கதையை இரண்டாம் முறை சொல்ல வைக்காதீர்கள்

வாஷிங் மெஷின் விஷயத்தில் என்னைச் சோர வைத்தது இதுதான். கதையை மறுபடி சொல்லச் சொல்வது, நீங்கள் முன்பு சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் மூன்று வரி எழுதும் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள். என்ன நடந்தது, நாம் என்ன வாக்குக் கொடுத்தோம், அடுத்து யார் எப்போது என்ன செய்யப்போகிறார். பெரிய மென்பொருள் இல்லாவிட்டாலும் எல்லோரும் பார்க்கும் ஒரு நோட்டு போதும். அழைப்பை இன்னொருவருக்கு மாற்றினால், முதலில் பேசியவர் லைனில் இருந்தபடி விஷயத்தைத் தானே சொல்லி ஒப்படைக்கட்டும். ஒரு புகாருக்கு ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். அவர் பெயர் வாடிக்கையாளருக்குத் தெரியட்டும். அவர் லீவில் போனால் யார் பார்ப்பார் என்பதும் எழுதியிருக்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நினைவில் வைப்பது வேறு, துருவுவது வேறு. வேலைக்குத் தேவையான விவரங்களை மட்டும் வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். தானாகப் போகும் பிறந்தநாள் வாழ்த்துச் செய்தியால் யாருக்கும் தான் கவனிக்கப்படுவதாகத் தோன்றாது என்பது என் எண்ணம். போன மாதம் சொன்ன கோளாறு இப்போது சரியாக இருக்கிறதா என்று கேட்டால் தோன்றும்.

ஐந்தாம் படி: தவறு நடந்தபின் என்ன செய்வது

மற்றப் படிகளை வேகமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள். எல்லாம் நன்றாகப் போகும்போது ஒரு நிறுவனத்துக்கு அக்கறை இருக்கிறதா என்று யாருக்கும் தெரிவதில்லை. தவறு நடக்கும்போதுதான் தெரிகிறது.

ஒரு பெண் குழந்தையின் பள்ளி விழாவுக்காக அவள் அம்மா ஆர்டர் செய்த உடை இரண்டு நாள் தாமதமாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். விழா முடிந்துவிட்டது. அம்மா எழுதிய புகாருக்கு வழக்கமாகப் போகும் பதில் இது: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் புகார் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. தங்கள் பொறுமைக்கு நன்றி."

இப்படி எழுதிப் பாருங்கள்: "12-ஆம் தேதி விழாவுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். 14-ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. எங்கள் கிடங்கில் முகவரிச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டோம், தவறு எங்களுடையது. உங்கள் மகள் அந்த உடை இல்லாமல் விழாவுக்குப் போக வேண்டியிருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். முழுப் பணத்தையும் இன்றே திருப்பி அனுப்பிவிட்டோம், மூன்று வேலை நாட்களில் உங்கள் கணக்கில் வரும். உடையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பணம் வராவிட்டால் கீழே இருக்கும் எண்ணில் என்னையே அழையுங்கள்."

முதல் பதிலை எந்தப் புகாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இரண்டாவதை இந்த அம்மாவுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். அதில் என்ன நடந்தது என்பது இருக்கிறது. அதனால் அவர்களுக்கு எது போனது என்பதும் இருக்கிறது: பொருள் இரண்டு நாள் தாமதம், ஆனால் போனது ஒரு விழா. தவறு யாருடையது என்பதில் மழுப்பல் இல்லை. "சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்று எழுதாதீர்கள், ஏற்பட்டதால்தானே எழுதியிருக்கிறார்கள்! பரிகாரம் ஏற்கெனவே நடந்துவிட்டது. உடையைத் திருப்பி அனுப்பும் வேலைகூட அவர்களுக்கு இல்லை. பின்னால் நிற்க ஒரு மனிதர் இருக்கிறார்.

பரிகாரம் இழப்புக்கு ஈடாக இருக்க வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது பயன்படுத்தும் கூப்பனைக் கொடுத்து முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதுதான் ஏமாந்தவரை மறுபடி செலவு செய்யக் கூப்பிடுவது அது. பணம் போயிருந்தால் பணத்தைக் கொடுங்கள். நேரம் போயிருந்தால், இனி அவர் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காதபடி மிச்ச வேலையை நீங்களே முடியுங்கள்.

தவறை மிக நன்றாகச் சரிசெய்தால், தவறே நடக்காத வாடிக்கையாளரைவிட அதிகத் திருப்தி வரக்கூடும் என்ற கருத்து 1990களின் தொடக்கத்திலிருந்து ஆய்வுகளில் பேசப்படுகிறது. இது எல்லா நேரமும் நடப்பதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. குறிப்பாக, அதே வாடிக்கையாளருக்கு இரண்டாம் முறை தவறு நடந்தால் அந்த நல்லெண்ணம் மிஞ்சுவதில்லை. அதனால் மன்னிப்புக் கடிதம் போனதோடு வேலை முடியாது. முகவரிச் சீட்டு ஏன் மாறியது என்று அன்றைக்கே கிடங்கில் போய்ப் பார்க்க வேண்டும்.

பெரிய அளவில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. 1982 செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில், யாரோ சயனைடு கலந்து வைத்த டைலெனால் என்ற வலி நிவாரணி மாத்திரைகளைச் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். விஷம் தொழிற்சாலையில் கலக்கப்படவில்லை, கடைகளுக்குப் போன பிறகுதான் கலக்கப்பட்டது என்று விசாரணையில் தெரிந்தது. "எங்கள் தவறு இல்லை" என்று டைலெனாலின் உரிமையாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் மாத்திரையைச் சாப்பிட வேண்டாம் என்று மக்களிடம் சொல்லி, நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. அவற்றின் விற்பனை மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். சில வாரங்களில், யாராவது திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மூன்று அடுக்கு முத்திரையோடு மருந்து மறுபடி வந்தது. அதே நிறுவனம் பிற்காலத்தில் வேறு பொருள்களுக்காகக் கடுமையான வழக்குகளைச் சந்தித்தது என்பதையும் மறக்க முடியாது. ஒருமுறை சரியாக நடந்துகொண்டது அடுத்த முறைக்குக் கணக்கில் வராது.

ஆறாம் படி: முன்னால் நிற்கும் ஊழியர் கையில் அதிகாரம் கொடுங்கள்

மேலே சொன்ன பதிலை எழுத அந்த ஊழியருக்கு அனுமதி இல்லையென்றால் எல்லாம் வீண். "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பது வாடிக்கையாளரின் காதில் "இன்னும் மூன்று நாள்" என்றுதான் விழும்.

ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் பிரச்சினையைத் தீர்க்க, எந்த ஊழியரும் மேலதிகாரியிடம் கேட்காமல் 2000 டாலர் வரை செலவழிக்கலாம் என்ற விதி பேர்பெற்றது. தொகை உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம். ஒரு எல்லையை எழுத்தில் கொடுங்கள். அதற்குள் எடுத்த முடிவுக்காக யாரையும் பிறகு கேள்வி கேட்காதீர்கள். ஒரு முறை கேட்டுவிட்டால், அதன்பின் ஒருவரும் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த மாட்டார்கள்.

1980களில் எஸ்ஏஎஸ் விமான நிறுவனத்தை நடத்திய யான் கார்ல்சன் ஒரு கணக்குப் போட்டார். வருடத்துக்கு ஒரு கோடி பயணிகள், ஒவ்வொருவரும் சுமார் ஐந்து ஊழியர்களைச் சந்திக்கிறார்கள், ஒவ்வொரு சந்திப்பும் சராசரியாக 15 விநாடி. நிறுவனம் பயணியின் மனதில் உருவாவது அந்த ஐந்து கோடிச் சந்திப்புகளில்தான் என்றார். அந்த 15 விநாடியில் முதலாளி அங்கே இருக்கப்போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே வேதனையை வைத்துக்கொண்டு வெளியே சிரித்த முகத்தோடு நிற்பதும் ஒரு உழைப்புதான், அது மனிதரைத் தேய்க்கும் என்று சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983-லேயே விளக்கினார். ஒரு மணி நேரத்தில் இத்தனை அழைப்பு முடித்தாக வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தால், ஊழியர் வாடிக்கையாளரைச் சீக்கிரம் வெட்டிவிடத்தான் பார்ப்பார். சரியான இடைவேளை, உட்கார நாற்காலி, நியாயமான சம்பளம் கொடுங்கள். வாடிக்கையாளர் கேவலமாகத் திட்டினால் பேச்சை முடித்துக்கொள்ளும் உரிமையும் கொடுங்கள். உள்ளே அனுபவிக்காத மரியாதையை வெளியே கொடுக்கச் சொல்வது நியாயம் இல்லை.

ஏழாம் படி: விற்காமல் இருக்கவும், போக விடவும் தெரிந்துகொள்ளுங்கள்

"உங்களுக்கு இவ்வளவு பெரிய மாடல் தேவைப்படாது, சின்னதே போதும்" என்று சொல்லும் விற்பனையாளரை நாம் மறப்பதில்லை. அவரை அப்படிச் சொல்ல விட வேண்டுமானால், விற்ற தொகையை மட்டும் வைத்து ஊக்கத்தொகை கணக்கிடுவதை நிறுத்த வேண்டும். திருப்பிக் கொடுக்கப்பட்ட பொருள்களையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

சேர இரண்டு க்ளிக், விலக இருபது க்ளிக் என்று வைத்திருப்பது ஒருவரைக் கதவைப் பூட்டி உட்கார வைப்பது போல. சேர்ந்த வழியிலேயே விலகும்படி செய்யுங்கள். இலவச மாதம் முடிந்து பணம் எடுக்கப் போவதற்குச் சில நாள் முன்பே செய்தி அனுப்புங்கள். பல மாதங்களாகப் பயன்படுத்தாத ஒருவரிடமிருந்து சந்தா மட்டும் போய்க்கொண்டிருந்தால், "இது இன்னும் வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். கொஞ்சம் வருமானம் போகும். போகட்டும்.

எட்டாம் படி: கேளுங்கள், திருத்துங்கள், திருத்தியதைத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நுகர்வோரின் நான்கு அடிப்படை உரிமைகளைப் பட்டியலிட்டார். பாதுகாப்பு, தகவல், தேர்வு ஆகியவற்றோடு நான்காவதாக அவர் சொன்னது, தங்கள் குரல் கேட்கப்படும் உரிமை. மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமைகள் நாளாக ஆனது அதனால்தான்.

கேட்பது என்றால் பலரும் மதிப்பெண் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை" என்ற கேள்வியை 2003-ல் ஃப்ரெட் ரைக்ஹெல்ட் பிரபலமாக்கினார். கேள்வி நல்லதுதான். ஆனால் அந்த எண்ணை ஊழியரின் சம்பளத்தோடு கட்டிவிட்டால், "சார், தயவுசெஞ்சு பத்து போடுங்க" என்று அவர் கெஞ்ச வேண்டியதாகிறது. அந்தப் பத்திலிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள எதுவும் இருக்காது.

எண்ணைவிட வார்த்தைகளைப் படியுங்கள். வாரம் ஒரு மணி நேரம், நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் பத்துப் புகார்களை முழுசாகப் படிக்கட்டும், சுருக்கத்தை இல்லை, வாடிக்கையாளர் எழுதியதை எழுதியபடியே. கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டைப் பாருங்கள்: முதல் முறையிலேயே தீர்ந்த பிரச்சினைகள் எத்தனை, கொடுத்த வாக்குகளில் தேதி தவறியவை எத்தனை. ஒருவர் சொன்னதால் ஏதாவது மாறினால் அவரிடமே போய்ச் சொல்லுங்கள்: "நீங்க சொன்னதாலதான் இதை மாத்தினோம்." இந்த ஒரு வரியைக் கேட்டவர் அடுத்த முறையும் உங்களிடம் உண்மையைச் சொல்வார்.

எங்கே தொடங்குவது?

எட்டுப் படிகளையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் படியின் மதியத்தை இந்த வாரமே ஒதுக்குங்கள். அடுத்த வாரம், போன மாதம் புகார் சொன்ன ஐந்து பேரின் எண்களை எடுங்கள். முடிந்துவிட்டது என்று உங்கள் பதிவேட்டில் குறித்திருக்கும் புகார்களாக இருக்கட்டும். நீங்களே அழையுங்கள். பெயரைச் சொல்லி, "போன மாசம் இப்படி ஒரு பிரச்சினை சொல்லியிருந்தீங்க. இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

எதையோ விற்கத்தான் அழைக்கிறீர்கள் என்று முதலில் நினைப்பார்கள். கொஞ்ச நேரம் மௌனம் இருக்கும். அதை நிரப்பப் பார்க்காதீர்கள். அப்புறம் பேசத் தொடங்குவார்கள். குறுக்கே விளக்கம் சொல்லாமல், அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் தீராதது ஏதாவது இருந்தால், யார் எப்போது செய்வார் என்று அந்த அழைப்பிலேயே சொல்லுங்கள். தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, அடுத்த எண்ணை அழையுங்கள்.